ஓடிப்போக ஐம்பது நாள் வட்டியில்லை

அத்தியாயம் 5

"சார், வூட்டு ஓனர் மேலயே கேஸா? நாம குடுக்க வேண்டிய வாடகைக்கு அவரு நம்ம மேல கேஸ் போடாம இருக்கறதே பெருசு."

உதவியாளர் பிளசி கோப்பைத் தூக்கிக் காட்டினாள். மேலட்டையில் மாதவராஜின் முத்து முத்தான கையெழுத்தில், 'விசாரிக்கப்பட வேண்டியவர்: வீட்டுக்காரர்' என்று இருந்தது.

"அது ஓனர் இல்ல. அந்தம்மாவோட வீட்டுக்காரர்."

"அவருக்குப் பேர் இல்லீங்களா?"

மாதவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருடம் கூட்டுறவுத் தணிக்கையில் கழித்தவர். பால் சங்கத்துக் கணக்கில் அரை லிட்டர் குறைந்தால் யார் வீட்டுச் சொம்பில் போனது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும், தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடையின் மாடியில் 'மாதவராஜ் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார். அன்று முதல் அவருடைய துப்பறியும் திறமையைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டிருக்கிறார். காலையில் அரை மணி நேரம் ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து தன் கணவனைப் பற்றி அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். கணவன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். அது அவள் பழக்கம். அதைக் கேட்க இவருக்குத் தோன்றவில்லை. இது இவர் பழக்கம்.

"போட்டோவாவது குடுத்தாங்களா?"

கொடுத்திருந்தாள். கல்யாண போட்டோ. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது. தலை நிறைய முடியும், அதற்குச் சமமான மீசையுமாக ஒரு மாப்பிள்ளை, போட்டோக்காரன் மிரட்டியதுபோல் முறைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எப்படி இருப்பாராம்?"

"முடியும் மீசையும் இல்லாம இருப்பாராம்."

"அப்ப இந்தப் போட்டோவுல அந்தாளு எங்க சார் இருக்காரு?"

வந்தவள் பெயர் கோகிலவாணி. அதியமான்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவள். பிளசி அந்த நேரம் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அதனால் மாதவராஜே கதையைச் சொன்னார்.

கணவனுக்கு ஹைவேயில் ஏதோ கடை. கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்காத ஆள். கொத்துமல்லியோடு சேர்த்து இலவசமாக வாங்கினால்தான் அது அவனுக்கு மணக்கும். அப்படிப்பட்டவன் கொஞ்ச நாளாகக் கொல்லைப்பக்கம் போய்ப் போனில் ஒரு பெண்ணோடு பேசுகிறான். "சொல்லும்மா, சீக்கிரம். பத்து நிமிஷந்தான் இருக்கு. வேற யார்கிட்டயும் சொல்லிடாத" என்று கெஞ்சியதைக் கோகிலவாணியே காதால் கேட்டிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டையைத் துவைத்தபோது பையில் ஒரு சீட்டு. பாதி கரைந்துவிட்டது. மீதியைக் காய வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

பிளசி சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

*19 காலை. கோவா - 2. 50 நாள். பி. கிட்ட ஓடிப*

அதற்கப்புறம் வெறும் நீலக் கறை.

"பத்தொம்பதாம் தேதி காலைல, கோவாவுக்கு ரெண்டு பேரு, அம்பது நாளு. பி-ங்கற பொம்பளகிட்ட ஓடிப்போறாரு. அந்தம்மா படிச்ச அர்த்தம் இது" என்றார் மாதவராஜ். "நாளைக்குப் பத்தொம்பது. யாருன்னு நாளைக்குள்ள தெரியலன்னா ஓசூர்ல அண்ணன் வூட்டுக்குப் போயிடுவாங்களாம். திரும்பி வரமாட்டாங்களாம். மெஷினை விக்கறதுக்கு ஆள்கூடப் பாத்துட்டாங்க."

பிளசி சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல சார். கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

மாதவராஜ் நாற்காலியில் சாய்ந்தார். அது சாயக்கூடிய நாற்காலி அல்ல, நிமிர்ந்துகொண்டார்.

"கறிவேப்பிலைக்குக் காசு குடுக்காதவன் கோவாவுல அம்பது நாளைக்கு லாட்ஜ் வாடகை குடுப்பானா? மாட்டான். அப்ப அந்த அம்பது நாள் தங்கற நாள் இல்ல. கடன் அட்டைக் கணக்கு. பில் தேதி பதினெட்டுன்னா, பத்தொம்பதாம் தேதி வாங்கற பொருளுக்கு அடுத்த மாச பில்லுலதான் காசு கேப்பான். அதுக்கு மேல இருபது நாள் தவணை. ஆக மொத்தம் அம்பது நாள் வட்டி கிடையாது. ஒரு நாள் முன்னாடி, பதினெட்டாம் தேதி வாங்குனா இருபதே நாள்ல கட்டணும். இந்தாளு காதலியோட ஓடறதுக்குக்கூடப் பில் தேதி பாத்து ஓடறான்."

"எப்படி சார் இதெல்லாம்?"

"அனுபவம்."

அனுபவம்தான். மாதவராஜும் அதே ஜாதி மனிதர். அந்தமானுக்குக் கப்பலில் போகவேண்டும் என்று சுசித்ரா கேட்டாள். ஒருமுறை கேட்டாள் என்றால் மனைவி இல்லையே. பல முறை கேட்டாள். அவர் மறுக்கவே இல்லை. வட்டியில்லாத தவணை கிடைத்ததும் போகலாம் என்றார். கிடைத்தது, அதில் செயல்பாட்டுக் கட்டணம் இருநூறு ரூபாய் என்று விட்டுவிட்டார். இன்னொன்று வந்தது. வட்டி இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த இல்லாத வட்டிக்குப் பதினெட்டு சதவீதம் வரி மட்டும் வாங்குகிறார்கள் என்பதைத் தணிக்கைக் கண்ணால் கண்டுபிடித்து, இரண்டு பக்கம் புகார் எழுதி, அதையும் விட்டார். கடைசியில் ஆயுள் முழுக்கக் கட்டணமே இல்லாத அட்டை ஒன்று கூரியரில் வந்தது. கூடவே சுசித்ரா பெயரில் ஒரு துணை அட்டை. அவள் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது வந்தது. ரத்து செய்யப் போன் போட்டார். காரணம் கேட்ட பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "உபயோகிக்க ஆள் இல்லை" என்றார். ரத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை சார் என்று அந்தப் பெண் ஆறுதலாகச் சொன்னாள்.

"சரி" என்றார் மாதவராஜ். "டிக்கெட் எங்க போடுவான்? ஆன்லைன்ல போட்டா வசதிக் கட்டணம் பிடிப்பான். டிராவல்ஸ்ல போய்க் கார்டு தேய்ச்சா நூத்துக்கு ரெண்டு ரூபா மேல கேப்பான். அந்த ரெண்டு ரூபா கேக்காத டிராவல்ஸ் இந்த ஊர்ல எது? அங்கதான் அவன் வருவான். வரிசையா எல்லாருக்கும் போன் போட்டு..."

"நாலு ரோட்டு மாதையன்" என்றாள் பிளசி. "அவரு மட்டுந்தான் ரெண்டு பர்சென்ட் வாங்கறதில்ல. காலைல பத்து மணிக்குத் தொறப்பாரு."

"சபாஷ். இது உனக்கு எப்படித் தெரியும்?"

"பொது அறிவு சார்."

மாதவராஜ் அதைப் பாராட்டினார். சந்தேகப்படவில்லை. பிற்பாடு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ள அவருக்கு இப்படிச் சில இடங்கள் தேவைப்பட்டன போலும்.

"இப்ப அந்தப் 'பி'. நம்ம ஊர்ல 'பி'ன்னு ஆரம்பிக்கற பொம்பளைங்க பேரா சொல்லு."

பிளசி விரல் விட்டாள். "பிரேமா. பிருந்தா. பிரமிளா. தபால் ஆபீஸ் பியூலா. இண்டூர்ல பிச்சம்மான்னு ஒருத்தங்க, அவங்களுக்கு எழுபது வயசு."

"அவ்வளவுதானா?"

"ஞாபகத்துக்கு வந்தவங்களச் சொல்லிட்டேன் சார்."

மாதவராஜ் ஐந்து பெயரையும் கோப்பில் எழுதி, பிச்சம்மாவுக்கு நேரே கேள்விக்குறி போட்டார்.

*

மறுநாள் காலை பத்துக்குப் பத்து நிமிடம். நாலு ரோட்டில் மாதையன் டிராவல்ஸுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர்தான் வருவதாகத் திட்டம். கோகிலவாணி வீட்டில் இருக்கவேண்டும் என்று மாதவராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் அவருக்கு முன்னாலேயே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபீஸ் குடுத்திருக்கேனுங்க. வேடிக்கை பாக்க வேணாமுங்களா?"

"பாதிதானம்மா குடுத்தீங்க."

"பாதிப் படமாவது பாக்கறேன்."

துப்பறிகிறவர்கள் செய்தித்தாளில் ஓட்டை போட்டுப் பார்ப்பார்கள் என்று மாதவராஜ் எங்கோ படித்திருந்தார். கடையில் இருந்தது நேற்றைய தாள். அதில் ஏற்கெனவே வடை கட்ட ஒரு மூலையைக் கிழித்திருந்தார்கள். அந்த மூலை வழியாகப் பார்த்தார்.

பத்தடித்து இரண்டு நிமிடம் ஆனபோது ஒரு பழைய பைக் வந்து நின்றது. வழுக்கைத் தலை, மழித்த முகம், சட்டைத் தோளில் தவிட்டுத் தூசி. ஆள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

கோகிலவாணியின் டீ கிளாஸ் மேஜையில் டக்கென்று உட்கார்ந்தது. "அவருதாங்க."

"தனியாத்தான் வந்திருக்கான். அந்தப் பி இனிமேதான் வருவா. பதறாதீங்க" என்றார் மாதவராஜ். "பிளசி, தெருவ ரெண்டு பக்கமும் பாரு. எவளாவது வர்றாளான்னு."

பிளசி தெருவைப் பார்க்கவில்லை. கடைக்குள் இருந்த வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் டீ ஆடை மாதிரி வெளுத்திருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் மாதையன் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். அந்த ஆள் தலையாட்டினான். இங்கே பிளசியின் கைப்பையில் ஒரு மெசேஜ் டிங்கென்றது. அந்த ஆள் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

பிளசியின் பை பாடத் தொடங்கியது.

"யாரது இந்த நேரத்துல? கட் பண்ணு" என்றார் மாதவராஜ், கண்ணை எடுக்காமல்.

பிளசி கட் பண்ணினாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆள் போனை உற்றுப் பார்த்தான். மறுபடி போட்டான். பை மறுபடி பாடியது.

மூன்றாவது முறை பாடியபோது மாதவராஜ் தாளைக் கீழே இறக்கினார். இந்தத் தொழிலில் இதைத் தாமதம் என்றே சொல்லவேண்டும். கோகிலவாணி இரண்டாவது தடவையிலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

"நீயா?"

"அக்கா, சத்தியமா கார்டு மட்டுந்தான்!" பிளசி டீ கிளாஸைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டாள். போன் திரையில் 'தவிடு' என்று எழுதியிருந்தது. "எங்கப்பா மாட்டுக்கு அவரு கடையிலதான் தீவனம் வாங்கறோம். என் கார்டுக்கு அப்பப்ப ஆஃபர் வரும், கட்டணம் இல்லாத தவணை. தெரிஞ்சவங்க கேப்பாங்க, குடுப்பேன். காச அவங்க கட்டிடுவாங்க, பாயின்ட்டு எனக்கு. மாசம் எட்டு பேரு வாங்கறாங்க. என் பில் தேதி பதினெட்டு, அதனால எட்டு பேருமே பத்தொம்பதாம் தேதிதான் போன் பண்ணுவாங்க."

"அப்ப 'ஓடிப'?" என்றார் மாதவராஜ்.

"ஓடிபி சார். பணம் கட்டுனா கார்டுக்காரங்க போனுக்கு ஆறு நம்பர் வருமே. அதச் சொல்லத்தான் கூப்புடறாரு. பத்து நிமிஷத்துல செத்துப்போயிடும்."

மாதவராஜ் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். 'ப'வின் தலையில் இருந்த கொக்கி மட்டும் சலவையில் போயிருந்தது. ஒரு கொக்கி. அதில் ஒரு குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு. ஆனா எட்டு பேர்ல எவன்னு தெரியல. நீங்கதான் பேர் எழுதலையே! சரி, நானும் உங்ககூட வந்து கண்டுபிடிச்சுக்கலாம்னு..."

முப்பத்தொரு வருடத் தணிக்கை அனுபவத்தில், எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் குற்றவாளியிடமே குற்றவாளிகளின் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்ட அதிகாரியை மாதவராஜ் சந்தித்ததில்லை. இன்றுதான் சந்தித்தார்.

கோகிலவாணி இன்னும் சமாதானமாகவில்லை. "கார்டு இவளோடது. சரி. கோவாவுக்கு ரெண்டு பேருன்னு இருக்கே? அந்த ரெண்டாவது ஆள் யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் சாலையைக் கடந்தாள். ஒரு டவுன் பஸ் அவளுக்காக நின்றது.

*

"வாணி!" என்று அந்த ஆள் நாற்காலியிலிருந்து எழுந்தான். பிறகு பின்னால் வந்த பிளசியைப் பார்த்தான். பிறகு மாதவராஜைப் பார்த்தான். யாரைப் பார்த்து அதிகம் பயப்படவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பிரபாகர் அண்ணா, நேரம் போவுது, நம்பரைச் சொல்லுங்க" என்றார் மாதையன், திரையிலிருந்து திரும்பாமல்.

ஒரு வழியாகப் பெயர் கிடைத்தது. மாதவராஜ் மனசுக்குள் கோப்பைத் திருத்திக்கொண்டார்.

"ரெண்டாவது சீட்டு யாருக்கு?" என்றாள் கோகிலவாணி.

"உனக்குத்தான். பாரு, உன் பேர்தான் போட்டிருக்கு."

மாதையன் திரையைத் திருப்பிக் காட்டினார். பெயர், வயது, ஆதார் எண் எல்லாம் சரியாக இருந்தன. மாதவராஜ் பெருமூச்சு விட்டார். சுபம். ரகசியமாக மனைவிக்கு ஓர் இன்ப அதிர்ச்சி. மீதி ஃபீஸை இப்போதே கேட்கலாமா, ஒரு நிமிடம் கழித்துக் கேட்கலாமா என்று யோசித்தார்.

கோகிலவாணி இருபத்திரண்டு வருடமாக அந்த முகத்தோடு குடித்தனம் நடத்தியவள். "எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?"

பிரபாகர் சட்டைத் தோளில் இருந்த தவிட்டைத் தட்டினான்.

"எப்பங்க?"

"சொல்றதா இல்ல" என்றான் பிரபாகர்.

கோகிலவாணி முந்தானையை இடுப்பில் செருகியதைப் பார்த்து அவன் அவசரமாகத் தொடர்ந்தான்.

"நான் மட்டும் போறதாத்தான் இருந்தேன். ஒரு ஆளுக்குக் கேட்டா முப்பத்தோராயிரம் சொல்றாங்க, தனி ரூமாம். ரெண்டு ஆள்னா முப்பத்தி நாலு. முப்பத்தி மூணுக்கு மேல போனாத்தான் இந்தப் புள்ள கார்டுல நாலாயிரம் தள்ளுபடி, தவணைக்கு வட்டியும் கிடையாது, கட்டணமும் கிடையாது. அப்ப ரெண்டு பேருக்கு முப்பது. ஒருத்தனுக்குப் போட்டாத்தான் ஆயிரம் ரூபா ஜாஸ்தி. ரெண்டாவது ஆளுக்கு ஆதார் நம்பர் கேட்டாங்க. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது உன்னோடதுதான்."

"ஆக, என் பேர்ல காலி சீட்டு ஒண்ணு கோவா போய்ட்டு வரும்."

"ஆமா."

மாதவராஜுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. கணக்கு சரியாக இருந்ததுதான் அதற்குக் காரணம். தணிக்கை செய்தவரையில் ஒரு பைசா தப்பு இல்லை.

கோகிலவாணி உட்கார்ந்தாள். "ஒருத்தி இருந்திருந்தா அவ முடியப் பிடிச்சு ரெண்டு அறை விட்டு உங்கள வூட்டுக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். யாருமே இல்லாம எங்கிட்ட இருந்து ஓடறீங்களே. இதுல நான் யார் முடியப் பிடிக்கறது?"

"என்னோடதும் இல்ல" என்றான் பிரபாகர், தலையைத் தடவி. அவன் குரல் இறங்கியது. "உங்கிட்ட இருந்து ஓடல வாணி. நாலு நாளு, 'தவிடு இருக்கா'ன்னு எவனும் கேக்காத ஊர்ல தூங்கணும். உன்னக் கூப்புடாமயா இருந்தேன்? ஊட்டின்னேன், ஸ்கூல் யூனிஃபாரம் முடியட்டும்ன. கன்னியாகுமரின்னேன், தீபாவளி ஜாக்கெட்டுன்ன. போன வருசம் கேட்டப்ப நீ மெஷினை நிறுத்தக்கூட இல்ல. மிதிச்சுக்கிட்டே 'பாக்கலாம்'ன. அதோட விட்டுட்டேன்."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்: ஊட்டி, கன்னியாகுமரி, போன வருடம். தையல்காரிக்குத் துணியின் அளவு பொய் சொல்லாது. இதுவும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

"சார்" என்றாள் பிளசி, முதல்முறையாக மெதுவான குரலில். "இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்கு. நம்பரைச் சொல்லட்டுமா, வேணாமா?"

யாரைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள். அவள் மேஜைமேல் இருந்த கோவா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல், இரண்டு நாற்காலி, ஒரு குடை.

துப்பறிகிறவன் கண்டுபிடித்ததோடு நிறுத்திக்கொள்ளவேண்டும், குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது மாதவராஜ் தானே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த விதி. அந்தச் சுவர் இங்கே இல்லை.

"எங்க வூட்டுலயும் இப்படித்தாம்மா, பத்தொம்பதாம் தேதி பத்தொம்பதாம் தேதின்னு இருந்தேன்" என்றார். "ஆஃபர் வந்துச்சு. ஆள் இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை துடைக்க இருந்தது.

கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டது. மாதையன் உச்சுக்கொட்டினார். "போச்சுங்க. நேரம் முடிஞ்சுபோச்சு."

பிரபாகர் தலையைக் குனிந்துகொண்டு பைக் சாவியை எடுத்தான். "விடுங்க. ஓசூருக்கு நானே கொண்டுபோய் விடறேன் வாணி. பஸ் வேணாம்."

அவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு ஆச்சரியம். "ஓசூர் போறேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"மெஷினை வாங்க வந்தவன் எங்கிட்டதான் விலை கேட்டான். விக்கறதில்லன்னுட்டேன்."

கோகிலவாணி மாதையன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்த நம்பரை மறுபடி அனுப்பச் சொன்னா அதுக்குக் காசு எடுப்பாங்களா?"

"இல்லீங்களே. எத்தன தடவ அனுப்பினாலும் இனாமுதான்."

"நல்லாத் தெரியுமா? அப்பறம் பில்லுல போட்டுட மாட்டாங்களே?"

மாதையன் பதில் சொல்லுமுன் மாதவராஜே சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் மாவட்டத்திலேயே அவரைவிட விவரம் தெரிந்தவர் கிடையாது. "கிடையாதும்மா. வரியும் கிடையாது."

"அப்ப அனுப்பச் சொல்லுங்க."

பிளசியின் போன் டிங்கென்றது. யாரிடமும் பகிரவேண்டாம் என்று அதில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. அதற்குக் கீழே இருந்த ஆறு எண்களையும் பிளசி தெருவுக்கே கேட்கும்படி ஒவ்வொன்றாகப் படித்தாள். பிரபாகர் கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினான். கோகிலவாணி அந்தக் கையைத் தட்டிவிட்டு, எண்களைத் தானே திருப்பிச் சொல்லிக்கொண்டு, ஒரு விரலால் அழுத்தினாள்.